ஜன்னல்

பகலில் நான் பல் செய்கிறவள்.
லோண்ட்ரினா நகரில், மூன்றாம் மாடியில்,
முகம் தெரியாத வாய்களுக்கு
மெழுகிலும் பீங்கானிலும் கடைவாய்ப் பற்கள்.
இரவில் அதே அரைப்பு ஊசிகளோடு
என் எஞ்சினின் தொண்டைக்குள் இறங்குகிறேன்.

எண்பத்தொன்பதாம் வருடத்துக் கார்.
பின்கதவு சிவப்பு, மற்றதெல்லாம் வெள்ளை.
முன்பு அதில் ரொட்டி விற்றார்கள்;
இருக்கைக்கு அடியில் இன்னும் எள் கிடைக்கிறது.

காற்று நுழையும் வழிகளைக்
கண்ணாடியாக்கிவிடாதே என்றான்
போன வருடம் என்னைத் தோற்கடித்த ஜுவெனால்.
கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால்தான்
எரிபொருள் சுவரில் வழியாமல் காற்றோடு போகும்.
கன்னத்தின் உட்புறம்போல விட்டேன்.

எரியறைகளை ஊசிக்குழலால் அளந்தேன்.
மேலே அக்ரிலிக் தகடு,
துளை வழியே சொட்டுச் சொட்டாக
நீலச் சாயமிட்ட சாராயம்.
நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டு.
நான்காவது மட்டும் நாற்பத்தேழரை.
அந்த அரைக்கு இரண்டு ஞாயிறுகள் போயின.
வால்மோர் தன் அம்மா வீட்டு விருந்துக்குத்
தனியாகப் போய்,
"அவளுக்குக் காய்ச்சல்" என்று சொல்லிவிட்டு வந்தான்.
அது முழுப் பொய்யும் இல்லை.

இது கரும்பு குடிக்கிற வண்டி.
ஊரைத் தாண்டினால் கண்ணுக்கெட்டும் வரை நிற்கிற கரும்பு
ஆலைக்குள் போய் எத்தனாலாகிப்
பெட்ரோல் பங்கில் வந்து சேர்கிறது.
ஜூலைக் குளிரில் எழமாட்டேன் என்று அடம்பிடிக்கும்.
ஒரு மடக்கு பெட்ரோல் காட்டினால்தான் இருமும்.
இருமிவிட்டால் கொட்டகை முழுக்கப்
புளித்த இனிப்பு வாசம்.
அதை முகர்ந்துகொண்டே சாப்பிட்ட இரவுகள் உண்டு.

பேரிங்குகளை அளந்த இரவைச் சொல்ல வேண்டும்.
தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில்
முடி பருமனில் ஒரு பச்சை மெழுகு நூல் வைத்து,
மூடி, முறுக்கி, திறந்து,
எவ்வளவு நசுங்கியது என்று பார்க்க வேண்டும்.
அகலமாக நசுங்கினால் இடைவெளி போதாது,
எண்ணெய்க்கு இடமில்லை.
முதலாவது சரி.
இரண்டாவது சரி.
மூன்றாவதுக்கு வந்தபோது மணி இரண்டேகால்.
நோட்டில் எழுதினேன்: சரி.

பிறகு அந்த ஞாயிறு.
இருநூற்றொரு மீட்டர், பக்கத்துத் தடத்தில் ஜுவெனால்.
பச்சை விளக்கு.
இரண்டாம் கியரில் டர்போ விழித்தபோது
நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்தார்கள்.
ஜுவெனாலின் கதவு என் கண்ணோரத்தில் பின்னால் போயிற்று,
அதை மட்டும் யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.
ஏழாயிரம் சுற்று.
இரும்பு பீரோ மாடிப்படியில் உருண்டதுபோல
ஒரு சத்தம்.
அப்புறம் என் டயர்கள் உருள்வது மட்டும் கேட்டது.

மரத்தூள் மூட்டையோடு முதலில் ஓடிவந்தவன்
ஜுவெனால்தான்.
எண்ணெய்மேல் தூவிவிட்டுப் பேசாமல் தள்ளினான்.

பிளாக்கின் விலாவில் உள்ளங்கை அகலத்தில் ஓட்டை.
இங்கே அதற்கு ஜனேலா என்று பெயர்.
குனிந்து அந்த ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தேன்.
மூன்றாவது பேரிங்
நீலம் பாரித்து, வெற்றிலைபோல மடிந்து கிடந்தது.
நோட்டைப் புரட்டத் தேவைப்படவில்லை.
நூல் அகலமாகத்தான் நசுங்கியிருந்தது.
அன்று நான் அதைப் படிக்கவில்லை,
ஆசைப்பட்டேன்.

திங்கட்கிழமை ஒரு கடைவாய்ப்பல் திரும்பி வந்தது.
கடித்தால் உயரமாக இருக்கிறதாம்.
சிவப்புக் காகிதம் வைத்துப் பார்த்தேன், மயிரிழை.
தேய்த்தேன், பார்த்தேன்,
தேய்த்தேன்,
சரி என்று எழுதப் பேனாவை எடுத்து
கீழே வைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

மதியம் இபிபொராவில்
பழைய வண்டி உடைக்கும் ஐவொனெட்டிக்கு போன் போட்டேன்.
பின்னால் நாய் குரைத்தது, சுத்தியல் சத்தம்.
"எப்படிப்பட்ட பிளாக் வேணும்?"
"ஜன்னல் இல்லாதது."
சிரித்தாள்.
"இங்கே வருகிற எல்லோரும்
இரண்டாம் தடவை அதைத்தான் கேட்கிறார்கள்."